நாலுக்கும் ஆறுக்கும் நடுவே

ஜனவரி 8

தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே என் உடம்புக்குக் குறை ஒன்றும் இல்லை. படியேறும்போது மட்டும் முழங்கால் தன்னை ஞாபகப்படுத்துகிறது. உன் சர்க்கரை எப்படி இருக்கிறது என்று எழுது. உன் வீட்டுக்காரியைக் கேட்டதாகச் சொல்.

மின்னஞ்சலை விட்டுவிட்டு ஏன் தபாலில் எழுதுகிறேன் என்று நினைப்பாய். மின்னஞ்சல் வந்தால் பாதி படித்ததுமே பதில் போடுகிறாய். ஃபோனில் பேசினால் குறுக்கே பேசுகிறாய். காகிதம் என்றால் முழுதாகப் படித்துத்தான் ஆகவேண்டும்.

போன பருவத்தின் கடைசி ஆட்டத்தில் நாம் தோற்றதற்கு என் நாலாம் நம்பர்தான் காரணம் என்று நீ போட்டிச் செயலரிடம் சொல்லியிருக்கிறாய். அவர் என்னிடம், "உங்க தம்பி சொல்றதப் பார்த்தா தடுப்பாட்டத்துல கொஞ்சம் வேலை இருக்கும் போலிருக்கேம்மா" என்றார். எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பார்.

எட்டு வருடமாகச் சேர்ந்து நடத்தும் கால்பந்து அணி. நீ மறந்துவிட்டாய் போலிருக்கிறது, அதனால் முதலிலிருந்தே எழுதுகிறேன். கணினித் திடலில் ஓடும் நம் பதினொரு பேரும் தனித்தனி நிரல்கள். ஒருவன் நினைப்பது இன்னொருவனுக்குத் தெரியாது. ஆட்டம் தொடங்கிவிட்டால் நீயோ நானோ கை வைக்க முடியாது. கோல்காப்பாளனும் தடுப்பாட்டக்காரர் நால்வரும் நான் எழுதியவர்கள். ஆறிலிருந்து பதினொன்று வரை நீ எழுதியவர்கள். நம் பக்கத்தில் இடது ஓரமாக உருண்டு வரும் பந்து நாலின் பந்து. அன்றைக்கு நாலு போனான். உன் ஆறும் போனான். இருவரும் முட்டிக்கொண்டார்கள், பந்து எதிராளி காலுக்குப் போனது, கோல். தன் இடத்தில் இருந்தவன் மேல் என்ன குற்றம்?

நீ சொல்லப்போகும் வைத்தியமும் எனக்குத் தெரியும். ஆட்கள் "எனக்கு" என்று ஒருவரையொருவர் கூப்பிட வேண்டும் என்பாய். கூப்பிட்டால் எதிரணிக்கும் கேட்கும். இரண்டு பேர் ஒரே நேரத்தில் கத்தினால் ஒருவன் கத்தியதுதான் காதில் விழும். நான் எழுதியவர்கள் கத்த மாட்டார்கள்.

ஆகவே இந்தப் பருவம் உன் ஆறு பேரை நீயே நேராகப் போட்டிக் கணினிக்கு அனுப்பிவிடு. என் ஐந்து பேரை நான் அனுப்பிக்கொள்கிறேன். என் நிரலை உனக்குக் காட்டுவதாக இல்லை. உன்னுடையதும் எனக்கு வேண்டாம். ஒத்திகை ஆடிப் பார்க்க உன் பழைய பிரதி இருக்கிறது, அது போதும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா

ஜனவரி 17

அக்காவுக்கு,

நாங்கள் இருவரும் சௌக்கியம். சர்க்கரை அடங்கியிருக்கிறது, வாய்தான் அடங்கவில்லை என்கிறாள் இவள். உன் முழங்காலுக்கு நடப்பதுதான் மருந்து. முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியாராக இருந்தவன் சொல்கிறேன், கேள்.

செயலரிடம் நான் சொன்னது இவ்வளவுதான்: "நாலும் ஆறும் மோதிக்கிட்டாங்க சார், அங்கதான் போச்சு." இதில் உன் நாலை நான் எங்கே குறை சொன்னேன்? நடுவில் யாராவது ஒரு வார்த்தையைச் சேர்த்தால் அதை நீ ஒரு மூட்டையாகக் கட்டி வைத்துக்கொள்கிறாய்.

நிஜத் திடலில் எந்தப் பையனும் பேசாமல் ஆடுவதில்லை. "விடு விடு, நான் பார்த்துக்கறேன்" என்று ஒருவன் கத்தினால் மற்றவன் விலகுவான். நீ ஜென்மத்தில் ஒரு பந்தைக் காலால் தொட்டவள் இல்லை, அதனால் உனக்கு இது கூச்சலாகத் தெரிகிறது.

ஒரு விஷயம் உன்னிடம் மறைக்க விரும்பவில்லை. ஒரு கல்லூரி ஆய்வுக்கூடத்து அணி என் ஆட்கள் ஆறு பேரையும், கூடவே என்னையும் கேட்கிறது. தகுதிச் சுற்று முடிவதற்குள் பதில் சொன்னால் போதும் என்கிறார்கள். சேர்ந்து ஆடுவதென்றால் நான் எங்கேயும் போகவில்லை. ஆனால் ஒருவர் நிரலை ஒருவர் பார்க்காமல், தனித்தனியாக அனுப்புவதென்றால், அதற்கு எதற்கு ஒரே அணி, ஒரே பெயர்? நீயே சொல்.

மருந்தை நேரத்துக்குச் சாப்பிடு.

தம்பி

பிப்ரவரி 2

தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. உடம்பு சுகம். நடக்கிறேன், உனக்காக இல்லை, கடைக்குப் போகவேண்டியிருப்பதால்.

நான் பந்தைத் தொட்டதில்லை என்பது உண்மைதான். நம் ஆட்கள் பதினொரு பேருக்கும் காலே கிடையாது, அவர்கள் ஆடவில்லையா? விளையாட்டு வாத்தியாருக்குத் திடல் தெரியும், ஒப்புக்கொள்கிறேன். எனக்கு நிரல் தெரியும். நீ மாலை வகுப்பில் சேர்ந்து சான்றிதழ் வாங்கிச் சுவரில் மாட்டியிருக்கிறாய். நான் மின்கட்டண அலுவலகத்தில் தட்டச்சு செய்துகொண்டே, மேஜைக்கு அடியில் கையேட்டை விரித்து வைத்துப் படித்தவள். மேலதிகாரி ஒருமுறை குனிந்து பார்த்துவிட்டு, "இது என்னம்மா, தொடர்கதையா?" என்றார். அப்போதும் நான் மூடி வைக்கவில்லை.

ஆய்வுக்கூடத்துக்காரர்கள் கேட்டால் போ. தாராளமாகப் போ. நான் யாரையும் கையைப் பிடித்து நிறுத்தியதில்லை. தகுதிச் சுற்றில் இரண்டே ஆட்டம். இரண்டிலும் தோற்றால் நம் பெயரைப் பட்டியலிலிருந்தே எடுத்துவிடுவார்கள். அப்புறம் பிரிவதற்கும் ஒன்றும் இருக்காது, சேர்வதற்கும் ஒன்றும் இருக்காது. அதுவரையாவது ஆறு பேரை அனுப்பி வை.

நாலை மாற்ற மாட்டேன். இதைத் தனியாக ஒரு வரியில் எழுதக் காரணம், நீ திரும்பவும் கேட்கக்கூடாது என்பதுதான்.

உன் வீட்டுக்காரிக்கு இருமல் என்று செயலர் சொன்னார். நீ எழுதவில்லை. சரியாகிவிட்டதா?

அக்கா

மார்ச் 4

அக்காவுக்கு,

பதில் போடத் தாமதமாகிவிட்டது, தப்பாக நினைக்காதே. இவளுக்கு இருமல் போய்விட்டது. நான் நன்றாக இருக்கிறேன்.

என் ஆறு பேரையும் போட்டிக் கணினிக்கு அனுப்பிவிட்டேன். ஒத்திகைக்கு உன் ஐந்து பேரின் பழைய பிரதியை வைத்து ஆடவிட்டுப் பார்த்தேன். நன்றாகவே ஆடினார்கள். உன் தடுப்பாட்டத்தை நான் என்றைக்கும் குறைவாகச் சொன்னதில்லை.

ஆறைப் பற்றி இனி நாம் பேச வேண்டாம். அது முடிந்துபோன விஷயம்.

அங்கே வெயில் தொடங்கியிருக்கும். தண்ணீர் நிறையக் குடி.

தம்பி

மார்ச் 5

தம்பிக்கு,

ஒரு மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. தபால்காரர் தெருமுனையில் திரும்பும்போதே என்னைப் பார்த்துக் கையை விரித்துவிட்டுப் போகிறார். நான் அவருக்காகவா வாசலில் நிற்கிறேன்? காற்றுக்கு நிற்கிறேன்.

என் ஐந்து பேரை அனுப்பியாயிற்று. உன் பழைய ஆறு பேரோடு ஒத்திகை விட்டுப் பார்த்தேன். ஒரு மோதல்கூட இல்லை. மாடி வீட்டு நர்ஸ் வேலை முடிந்து வந்து கூட உட்கார்ந்து பார்த்தாள். "இந்தத் தடவை சண்டையே இல்லையே, போரடிக்குதும்மா" என்றாள்.

மோதல் எப்படி இல்லாமல் போயிற்று என்று கேட்டு எழுதாதே.

இருவரும் நலமாக இருங்கள்.

அக்கா

மார்ச் 16

அக்காவுக்கு,

உடம்பெல்லாம் அப்புறம். மூன்றுக்குச் சுழியம் என்று தோற்றிருக்கிறோம். மூன்று கோலும் ஒரே இடத்தில், உன் நாலுக்கும் என் ஆறுக்கும் நடுவே.

நீயும் பார்த்திருப்பாய். பந்து இடது ஓரமாக உருண்டு வருகிறது. நாலு இரண்டடி வைத்து நின்றுவிட்டான். ஆறும் இரண்டடி வைத்து நின்றுவிட்டான். பந்து நடுவில் தானே உருண்டு ஓய்ந்தது. எதிராளி நடந்து வந்தான், அக்கா. ஓடக்கூட இல்லை.

முதல் கோலுக்கு எனக்குப் புரியவில்லை. இரண்டாவதுக்குத்தான் உறைத்தது. மூன்றாவதுக்கு நான் திரையைப் பார்க்கவே இல்லை. இவள் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தவள் சொன்னாள்: "நீங்களும் உங்க அக்காவும் ஒரு வாசல்ல நின்னு, நீ முதல்ல போ, நீ முதல்ல போன்னுட்டே இருப்பீங்க. பின்னால வர்றவன் உள்ள போய் சாப்ட்டுட்டு வந்துடுவான்."

நான் ஆறை மாற்றினேன். அந்தப் பந்து வந்தால் நாலுக்கு விட்டுவிடு என்று எழுதினேன். உன்னிடம் சொல்லவில்லை. சொன்னால் ஜெயித்துவிட்டதாக நினைப்பாய் என்று சொல்லவில்லை. நாலு கட்டாயம் போவான் என்று எனக்கு அவ்வளவு நம்பிக்கை. நாலை மாற்ற மாட்டேன் என்று தனி வரியில் எழுதியவள் நீதானே? அந்த ஒரு வரியை நம்பித்தான் முழு நிரலையும் எழுதினேன்.

அறுபது வருடமாக உன்னைப் பார்க்கிறேன். நீ ஒரு தடவைகூட விட்டுக்கொடுத்ததில்லை. இப்போது விட்டுக்கொடுக்க யார் உன்னைக் கேட்டார்கள்? அப்படியே விட்டுக்கொடுத்தாலும் ஒரு வார்த்தை எழுதக்கூடாதா?

கோபத்தில் எழுதுகிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள். அடுத்த ஆட்டம் அந்தக் கல்லூரிக் கூடத்து அணியோடு. தோற்காமல் இருந்தாலே போதும், பட்டியலில் இருப்போம். நீ நாலைப் பழையபடி பந்துக்குப் போகச் சொல். என் ஆறு நிற்பான். இதையாவது கேள்.

உனக்கு ஃபோன் அடித்தேன். நர்ஸ்தான் எடுத்தாள்.

தம்பி

மார்ச் 16

தம்பிக்கு,

இருவரும் நலம் என்று நினைக்கிறேன். நானும் நலம்.

ஆட்டத்தை நர்ஸோடு சேர்ந்து பார்த்தேன். முதல் கோலுக்கு அவள், "என்னம்மா, ரெண்டு பேரும் பந்தைப் பார்த்துட்டே நிக்கிறாங்க? போட்டோ எடுக்கப் போறாங்களா?" என்றாள். இரண்டாவது கோலுக்கு அவள் காப்பி போட எழுந்து போய்விட்டாள்.

உன் ஆறு நட்டுவைத்த கம்பம் மாதிரி நின்றான். ஏன் நின்றான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது, நீ விளக்க வேண்டாம். நாலு ஏன் நின்றான் என்று உனக்கும் தெரிந்திருக்கும், நானும் விளக்கப் போவதில்லை. ஆனால் உன் மேல் எனக்கு வருத்தம் உண்டு. "ஆறைப் பற்றிப் பேச வேண்டாம்" என்று எழுதினால், நீ பழையபடியே நிற்கிறாய் என்றுதான் யாரும் நினைப்பார்கள். உன் வழக்கம் அதுதானே. சின்ன வயதிலிருந்தே உன் பங்கை முடித்துவிட்டு என் தட்டுக்கு வருகிறவன். திடீரென்று நல்லவன் ஆவதென்றால் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

நீ ஃபோன் செய்தபோது நான் உள்ளேதான் இருந்தேன். நர்ஸ் ஃபோனின் வாயைக் கையால் மூடிக்கொண்டு, "உங்க தம்பிம்மா, குரலே சரியில்ல, வாங்க" என்றாள். "எழுதச் சொல்லு" என்றேன். "ஒரு தெரு தள்ளி இருந்தாலும் எழுதத்தான் சொல்வீங்களா?" என்று முறைத்தாள். அப்போது பேசியிருந்தால் இருவரும் ஒரே நேரத்தில் பேசியிருப்போம், இரண்டும் காதில் விழுந்திருக்காது.

இப்போது சொல்வதைக் கேள். நாலு இனி அந்தப் பந்துக்குப் போக மாட்டான். ஒரு தடவை மாற்றியதை மறு தடவை மாற்றும் பழக்கம் எனக்கு இல்லை. உன் ஆறைப் போகச் சொல். அந்தப் பந்து இனி அவனுடையது.

அக்கா

மார்ச் 29

அக்காவுக்கு,

நலம். இந்த முறை நிஜமாகவே நலம். நேற்று இரவு நன்றாகத் தூங்கினேன்.

நம் இரண்டு கடிதமும் வழியில் ஒன்றையொன்று தாண்டிப் போயிருக்கின்றன. உன்னுடையது கையில் வந்தபோது நிரலைத் திருத்த ஒரே ஒரு நாள்தான் மீதி. நான் உன்னைப் போகச் சொல்லியிருக்கிறேன். நீ என்னைப் போகச் சொல்லியிருக்கிறாய். இருவரும் சொன்ன பேச்சைக் கேட்டால் பழையபடி மோதல். இருவரும் கேட்காவிட்டால் பழையபடி ஓட்டை. நாற்காலியில் உட்கார்ந்து சிரித்தேன். இவள் எட்டிப் பார்த்து, "சர்க்கரை ஏறிடுச்சா?" என்றாள்.

மறுபடி ஃபோனை எடுத்தேன், வைத்துவிட்டேன். நீ எடுக்க மாட்டாய். அப்புறம் யோசித்தேன். அக்கா நான் சொன்னதைக் கேட்பாளா? கேட்க மாட்டாள். மாற்ற மாட்டேன் என்று எழுதிவிட்டாள், அவ்வளவுதான். அதனால் ஆறைப் போகச் சொல்லி எழுதி அனுப்பினேன். நீ சொன்னதற்காகப் பணிந்துவிட்டேன் என்று நர்ஸிடம் பெருமை அடித்துக்கொள்ளாதே. நீ பணிய மாட்டாய் என்று கணக்குப் போட்டேன், அவ்வளவுதான்.

ஒன்றுக்கு ஒன்று. போதும். பட்டியலில் இருக்கிறோம். என் ஒன்பது போட்ட கோலைப் பார்த்தாயா? நாம் வாங்கிய கோல் வலது பக்கத்தில், உன் மூன்றாம் நம்பர் வழியாக. அதைப் பற்றி நான் செயலரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

இனி கேட்கப்போவதற்கு நீ பதில் எழுத மாட்டாய் என்று தெரியும், இருந்தாலும் கேட்கிறேன். அந்தப் பந்து ஐந்து தடவை வந்தது. ஐந்து தடவையும் ஆறு போனான், நாலு நின்றான். சரி. ஆனால் நிற்பதற்கு முன்னால் உன் நாலு கழுத்தைத் திருப்பினான். நம் ஆட்களுக்கு முன்னால் இருப்பதுதான் தெரியும், பக்கத்தில் இருப்பவனைப் பார்க்கக் கழுத்தைத் திருப்ப வேண்டும், அதற்குள் ஒரு கணம் வீணாகிவிடும். அதனாலேயே உன் ஆட்கள் யாரும் பந்தைத் தவிர எதையும் திரும்பிப் பார்த்ததில்லை. இந்த எட்டு வருடத்தில் ஒரு தடவைகூட. நேற்று ஐந்து தடவையும் நாலு என் ஆறைத் திரும்பிப் பார்த்தான். அவன் கிளம்பிவிட்டான் என்று தெரிந்த பிறகுதான் நின்றான்.

ஆறு கிளம்பாமல் இருந்திருந்தால் உன் நாலு போயிருப்பான். அப்படித்தானே?

கூடத்துக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன். அது பற்றி நீ கவலைப்பட வேண்டாம்.

முழங்கால் எப்படி?

தம்பி

ஏப்ரல் 14

தம்பிக்கு,

முழங்கால் பரவாயில்லை. உனக்குத் தூக்கம் வருவது நல்லது. உன் வீட்டுக்காரி சொல்லும் வாசல் கதையை நர்ஸிடம் சொன்னேன். அதிலிருந்து மாடிப்படியில் என்னைப் பார்த்தால் ஒதுங்கி நின்று, "நீங்க முதல்ல போங்கம்மா" என்கிறாள்.

மூன்றாம் நம்பரை நான் பார்த்துக்கொள்கிறேன். நீ செயலரிடம் பேசாமல் இருந்ததை ஒரு உபகாரமாக எழுதியிருக்கிறாய், வேடிக்கைதான்.

கழுத்து விஷயத்தில் எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. தலை என்று ஒன்று இருந்தால் திரும்பத்தான் செய்யும்.

போன வாரம் கல்லூரிக் கூடத்துத் தலைவர் எனக்கு ஃபோன் செய்தார். எடுத்துப் பேசினேன். அவர் குறுக்கே பேசுவதில்லை. ஆட்டம் நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டு மெல்ல ஆரம்பித்தார்: "உங்க தம்பிகிட்ட நீங்க ஒரு வார்த்தை சொல்லக்கூடாதாம்மா? பிப்ரவரி ஆரம்பத்துலயே வர முடியாதுன்னு சொல்லிட்டாரு. அப்புறம் ரெண்டு தடவை கேட்டுட்டோம். காரணமும் சொல்ல மாட்டேங்கிறாரு."

"நான் சொல்றத அவன் என்னிக்குக் கேட்டிருக்கான்" என்றேன்.

"அக்கா தம்பி ரெண்டு பேரும் ஒரே மாதிரி பேசறீங்க" என்று சிரித்துவிட்டு வைத்துவிட்டார்.

பிப்ரவரி ஆரம்பம் என்றால், நான் உன்னைப் போ என்று எழுதிய கடிதம் உன் கைக்கு வந்த சமயம். அதற்கப்புறம் ஒரு மாதம் நீ எழுதவில்லை. நான் எதுவும் கேட்கவில்லை. நீயும் எதுவும் எழுத வேண்டாம்.

உன் ஆறு பேரின் பழைய பிரதி இனி எனக்குப் பயன்படாது. அழித்துவிட்டேன். புதியதை அனுப்பு. என் ஐந்து பேரையும் இந்த உறையிலேயே ஒரு பென் டிரைவில் வைத்திருக்கிறேன். நாலின் கோப்பைத்தான் முதலில் திறப்பாய் என்று தெரியும். திறந்து பார்த்ததை எனக்கு எழுதிக் காட்டாதே. அதில் அந்தப் பந்துக்கு யார் எப்போது போக வேண்டும் என்று ஒரு விதி எழுதியிருக்கிறேன். உன் ஆறிலும் அதையே சேர்க்க வேண்டும். படித்துப் பார்த்துவிட்டு, எங்கே சரியில்லை என்று தோன்றுகிறதோ அதை எழுது.

மாற்ற மாட்டேன். ஆனாலும் எழுது.

அக்கா